சொம்பு உயரம்

அழற்சியின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கும் முன், நோயாளி முந்தைய இரண்டு நாட்களில் கடுமையான உடற்பயிற்சி எதையும் செய்திருக்கக் கூடாது. எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரமாவது உட்கார்ந்து இளைப்பாறியிருக்க வேண்டும். நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ஆய்வக விதி இது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, இரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். தரச்சான்றுக் குழு வரும் வருடங்களில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார்கள். மற்ற வருடங்களில் அதில் கரப்பான் மருந்து அடித்த கறை இருக்கும். கறைக்குப் பின்னாலும் விதி படிக்கிற மாதிரியேதான் இருந்தது.

இப்போது அங்கே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களுக்கென்று உடற்பயிற்சிக் கூடம் ஒன்று திறக்கிறார்கள். தரைத்தளத்தில், ஏசி போட்டு, ஓடும் பட்டைகள் நிறுத்தி. 'உடற்பயிற்சி அழற்சியைத் தணிக்கும்' என்று சுவர் முழுக்க எழுதியிருக்கிறதாம். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போனில் அழைத்து, விழா மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று கேட்டாள். "கொஞ்சம் ஸ்வீட்டா இருக்கட்டும் மேடம்" என்றாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இயன்முறை மருத்துவம் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களையும் தசைகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்தோம். டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொண்டோம். கடைசிப் பாடம்தான் பணிக்காலம் முழுக்கப் பயன்பட்டது. முதல் பத்து வருடம் கோரிப்பாளையம் சந்திப்பில் பைக்கில் விழுந்தவர்களின் முழங்கால்களும், பக்கவாதம் வந்தவர்களின் விரல்களுமாகப் போயிற்று. பிறகு புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே மார்பை எடுத்துவிட்டு வரும் பெண்களுக்கு என்னிடம் வேலையே இல்லை. ஓய்வு என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள். பிள்ளை பெற்றவளைப் போல இவளும் பச்சை உடம்புக்காரி. காற்றுப் படக் கூடாது, கை அசைக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. மருத்துவமனையும் மாமியாரும் ஒரே கருத்தில் இருந்த ஒரே விஷயம் இதுதான்.

அந்த நேரத்திலேயே வெளியே மருத்துவ உலகில் நிலைமை மாறியிருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பெண்களின் உடம்பில் மெல்லிய அழற்சி ஒன்று மாதக்கணக்கில் தங்கிவிடும். காயமும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. ஆனால் இரத்தத்தில் அதன் தடயம் இருக்கும். தீராத அசதிக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னார்கள். நடையும் கொஞ்சம் கனம் தூக்குவதுமாக ஒழுங்காகச் சில மாதம் பயிற்சி செய்தால் அந்த அழற்சி பலருக்குத் தணிகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகள் வந்துகொண்டிருந்தன. பெரிய அற்புதம் என்று யாரும் சொல்லவில்லை. தணிகிறது, அவ்வளவுதான். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. கடுமையாக உழைத்த கையோடு இரத்தம் எடுத்தால் எண் தணிந்திருக்காது, ஏறியிருக்கும். விறகு பற்றும்போது புகையத்தான் செய்யும். நின்று எரிந்த பிறகுதான் புகை அடங்கும். பற்ற வைத்த நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு இந்த அடுப்பு புகையடுப்பு என்று சொல்வதில் பொருளில்லை. ஆய்வகத்தின் கண்ணாடிச் சட்டத்தில் இருந்த விதி இதற்காகத்தான்.

எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றே சொல்வோம். கைராசிக்காரர், குரல் உயர்த்தாதவர். யாரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது. கோப்பை நீட்டினால் ஓரத்தில் பச்சை மையில் 'பேசுக' என்று எழுதுவார். பேசப் போனால் வார்டில் இருப்பார், வார்டுக்குப் போனால் அறுவை அரங்கில் இருப்பார். ஒருவழியாக எதிரில் அகப்பட்டுவிட்டால் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பார். கோரிக்கை செத்தது என்று அதற்கு அர்த்தம். புதிதாக வந்தவர்கள் "ஆச்சு சார்" என்று பதில் சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நின்றுகொண்டிருப்பார்கள்.

பயிற்சிக்கு நான் அனுமதி கேட்டபோது அவர் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. நடக்கத்தானே, நடக்கட்டும், எழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாம் என்றார். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு இரத்தப் பரிசோதனைக்கும் ஒத்துக்கொண்டார். மூன்றாவது மாடி வராந்தாவை ஒழித்துத் தந்தார்கள். மணல் பைகளை நானே தைத்தேன்.

முதல் வாரத்தில் பெரிய சிக்கல் தோள்தான். கையை உயர்த்துங்கள் என்றால் இடுப்பை வளைப்பார்கள். முழங்கையை நீட்டுங்கள் என்றால் தலையைச் சாய்ப்பார்கள். அப்புறம்தான் சித்திரைத் திருவிழா நினைவுக்கு வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும்போது, சொம்பு நிறையச் சர்க்கரை போட்டு, மேலே சூடம் ஏற்றி, முன்னால் நிற்பவர்கள் தலைக்கு மேலாக வலது கையால் உயர்த்திக் காட்டுவார்களே, அதுதான் எனக்கு வேண்டிய அசைவு. முழங்கை நேராக, உடம்பு சாயாமல், சூடம் அணையாமல். "சொம்பு தூக்குங்க" என்றேன். வரிசை முழுக்கக் கை சரியாக மேலே போயிற்று. அதன் பிறகு என் பதிவுகளில் கோணத்தைப் பாகையில் எழுதுவதை விட்டுவிட்டேன். தோள் உயரம், காது உயரம், சொம்பு உயரம்: மூன்றே அளவு.

கோரிப்பாளையத்து ஜொஹரா மட்டும் கையைக் கீழேயே வைத்திருந்தாள். "அழகருக்குச் சொம்பு தூக்குனேன்னு எங்க மாமிக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். "நான் நோன்புக் கஞ்சிச் சட்டிய அலமாரி மேல வைக்கிறதா நெனச்சுக்கிறேன், டாக்டரம்மா. ஒசரம் ஒண்ணுதானே?" உயரம் ஒன்றுதான்.

அந்த வரிசையில் இருந்தவள்தான் பேச்சியம்மாள். பரவை மார்க்கெட்டில் மல்லி, கருவேப்பிலை மொத்த வியாபாரம். புருஷன் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்தினாள். வலது மார்பை எடுத்து, மருந்தும் கதிரும் முடிந்து வந்தபோது பல் தேய்க்கவே இடையில் உட்கார்ந்து எழுந்தாள். அவள் இல்லாத நாட்களில் கொழுந்தன் ஒத்தாசைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வருடமும் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மார்க்கெட் சங்கம் கடைகளை மறுபடி பதியும். அன்று கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர் பெயருக்குத்தான் கடை. கொழுந்தன் ஒத்தாசையில் ரொம்ப நிலைத்துவிட்டான்.

வருகிற எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டேன். கை எதற்கு வேண்டும்?

"மல்லிக்கட்ட இறக்கி மேல்தட்டுல வைக்கணும். சித்திரைக்குள்ள நான் கடையில உக்காந்திருக்கணும். வேற எதுக்கும் வேணாம்."

கட்டு எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டேன்.

"எங்க கொழுந்தனத் தூக்குறதவிட லேசுதான். அவர எந்திரிக்க வைக்கத்தான் பெலம் வேணும்."

மாசியில் தொடங்கும்போது அவள் கை தோள் உயரத்துக்கு வரவில்லை. வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து முடிக்க நடுவில் நாற்காலி போட வேண்டியிருந்தது. பங்குனி பிறந்தபோது நாற்காலியை எடுத்துவிட்டேன். பங்குனி பாதியில் கை காது உயரத்தைத் தாண்டியது. வீட்டில் பகலில் படுப்பதில்லை என்றாள். ராத்திரி தூக்கம் வருகிறது என்றாள். ஒருநாள் மணல் பை போதாது என்று வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பையே கொண்டுவந்துவிட்டாள். அதில் மணலை நிரப்பி, எல்லோர் முன்னாலும் முழுக்கத் தூக்கிக் காட்டினாள். "சூடம் மட்டும்தான் பாக்கி" என்று ஜொஹரா சொன்னதும் வராந்தாவே சிரித்தது.

முடிவுத் தேர்வைத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தேன். மூன்று மாடி மாடிப்படி, பிறகு தூக்க முடிந்த உச்சக் கனம். அந்தப் பெண்கள் அதுவரை செய்ததிலேயே கடுமையான நாள் அதுதான். இரத்தம் எடுக்க வியாழக்கிழமை என்று எழுதி, ஆய்வகத்திலும் பெரியவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். இடையில் இரண்டு நாள் விட்டது விதிக்காக.

திங்கள் சாயங்காலம், தேர்வு முடிந்து எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தபோது பெரியவர் வராந்தாவுக்கு வந்தார். புதன்கிழமை அவருக்கு நிர்வாகக் கூட்டம். அதில் வைக்க இந்த முடிவுகள் வேண்டும்; எனவே இரத்தத்தை நாளைக் காலையே எடுத்துவிடலாம் என்றார். விதியைச் சொன்னேன். புன்னகையோடு கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் தாண்டிப் போய், பேச்சியம்மாளிடம் குனிந்து, "சாப்ட்டியாம்மா?" என்றார்.

அவர் போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டுப் பெரிய டாக்டரு, என்னையப் போயி சாப்ட்டியான்னு கேக்குறாரு பாருங்கக்கா" என்றாள். 

செவ்வாய் காலையில் ஆய்வகத்துக்கு ஓடினேன். லிப்ட் ரிப்பேர். பரவையிலிருந்தும் கோரிப்பாளையத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இரத்தம் எடுப்பவர் அந்தோணி, என்னோடு ஒரே வருடம் சேர்ந்தவர். போர்டைக் காட்டினேன்.

"அதுக்குக் கீழதான் இத்தன வருசமா உக்காந்திருக்கேன், மேடம். எனக்குப் படிச்சுக் காட்டுறீங்களே" என்றார். "பெரியவர் போன் பண்ணிட்டார். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. கைய நீட்டுங்கம்மா." கடைசி வாக்கியம் பேச்சியம்மாளுக்கு.

புதன்கிழமைக் கூட்டத்தில் திரையில் படம் போட்டார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு கட்டங்கள். முதல் பரிசோதனை நீலம், இரண்டாவது சிவப்பு. ஏறத்தாழ எல்லோருக்கும் சிவப்பு உயரமாக இருந்தது. பேச்சியம்மாளுடையது எல்லோருடையதையும்விட உயரம். திங்கட்கிழமை எல்லோரையும்விட அதிகக் கனம் தூக்கியவள் அவள். பெரியவர் வருத்தமான குரலில், உடம்பு பொய் சொல்லாது என்றார். நல்ல எண்ணத்தில் செய்த முயற்சிதான், ஆனாலும் அழற்சி கூடுகிறபோது தொடர முடியாதே என்றார். நான் எழுந்து, இரத்தம் எடுத்ததற்கு முந்தின நாள் நடந்த தேர்வையும் விதியையும் சொன்னேன். கூட்டம் முழுவதையும் கேட்க வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், சாப்பிட்டீர்களா என்று. மணி பதினொன்று.

அன்றைக்கே வராந்தாவைப் பூட்டினார்கள். ஒவ்வொரு பெண்ணின் மருத்துவக் குறிப்பிலும் ஒரே வரி ஏறியது: அழற்சி கூடியுள்ளதால் உடற்பயிற்சியும் உடலுழைப்பும் தவிர்க்கவும், முழு ஓய்வு.

சாயங்காலம் அவரைப் படிக்கட்டில் மறித்தேன். லிப்ட் இன்னும் ரிப்பேர்தான், தப்பிக்க இடமில்லை. விதியைப் பற்றி மறுபடி ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தினார்.

"விதி எனக்குத் தெரியும்மா. அது நான் எழுதினதுதான்."

"அப்பறம் ஏன் சார்?"

"கூட்டத்துல சொல்லிட்டேனேம்மா, இனிமே எப்படி மாத்துறது?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கபடம் ஏதுமில்லை. விளங்காத பிள்ளைக்கு விளக்குகிறவரின் பொறுமைதான் இருந்தது. சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார். அந்த வயதில் நல்ல தேகக்கட்டு. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பார்.

மறுநாள் கடிதம் எழுதினேன். அந்தப் பெண்களுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, விதிப்படி மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை குறிப்பில் உள்ள வரியை நிறுத்திவைக்க வேண்டும். மருத்துவக் குழுவுக்கு அனுப்பும் கடிதம் உரிய வழியில் போக வேண்டும். உரிய வழி பெரியவரின் மேசை. மருத்துவக் குழுவின் தலைவரும் பெரியவர். என் கடிதம் அவரிடமிருந்து புறப்பட்டு அவரிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. ஓரத்தில் 'பேசுக' என்று எழுதியிருந்ததைக் கொஞ்ச நாள் கழித்து எழுத்தரின் மேசையில் பார்த்தேன்.

பேச்சியம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். கையில் அவளுடைய குறிப்பு. கொழுந்தன் அதை சிம்மக்கல்லில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தான். சங்கத்தில் காட்ட வேண்டுமாம், தண்ணீர் பட்டுக் கெட்டுவிடக் கூடாதாம்.

"அக்கா, நீங்க நடன்னு சொன்னீக. இதுல நடக்காதேன்னு போட்டிருக்கு. நடந்தா உள்ள கொதிப்பு ஏறும்னு கொழுந்தன் சங்கத்துல போயி சொல்லிட்டாரு. நான் யாரு பேச்சக் கேக்கட்டும்?"

அந்தச் சீட்டு தப்பு என்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன். எப்படித் தப்பு, எதனால் அந்த எண் ஏறியது, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் நடக்கச் சொன்னேன், சொம்பு தூக்கச் சொன்னேன். சங்கத்துக்கு வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்றது எனக்கு வெளங்குது. சங்கத்துல முத்திர கேப்பாக. இதுல முத்திர இருக்கு."

என்னிடம் முத்திரை கிடையாது. ஆனாலும் பரவைக்குப் போனேன். சங்கத்துக்காரர்கள் மோர் கொடுத்து, மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "டாக்டரு ஒண்ணு சொல்றாக, நீங்க ஒண்ணு சொல்றீக. நாளைக்கு இந்தம்மா கட்டத் தூக்கி மயங்கி விழுந்தா பொணத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சித்திரை முடிந்ததும் கடை கொழுந்தன் பெயருக்குப் பதிவாயிற்று.

அதன் பிறகு பேச்சியம்மாளை வீட்டில் எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குடத்தை நகர்த்த விடவில்லை. சிரத்தையாக ஓய்வு கொடுத்துத் தோளை இறுக்கினார்கள். வருட முடிவில் பார்த்தபோது கை மறுபடி தோள் உயரத்துக்குக் கீழே வந்திருந்தது. பகலெல்லாம் படுக்கை, அசதி. நடந்திருந்தால் அவள் நோயே அண்டாமல் நூறு வயது இருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு பெரியவர். மல்லிக்கட்டை மேல்தட்டில் வைத்திருப்பாள். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அதைவிடக் கனத்தை அவள் தூக்கியதை நான் பார்த்தேன்.

ஜொஹரா நடையை விடவில்லை. கோரிப்பாளையத்தில் அவள் வீட்டு மொட்டை மாடியில் தினமும் காலையில் நடக்கிறாள். சீட்டை என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "ஜன்னல் கதவு ஆடிக்கிட்டே இருந்துச்சு, மடிச்சு இடுக்குல வச்சேன். இப்ப ஆடல" என்றாள். அவள் யாரிடமும் எழுதிக் கேட்கவில்லை. அதனால் அவளுக்கு யாரும் பதில் தர வேண்டியும் இருக்கவில்லை.

நான் கேட்டவள். ஓய்வு பெறும் வரை நினைவூட்டல்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிரிவு உபசார விழாவில் பெரியவர் சால்வை போர்த்தி, பணியில் என் ஈடுபாட்டைப் பாராட்டிப் பேசினார். கீழே இறங்கியதும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அன்று மட்டும் உண்மையிலேயே சாப்பாடு இருந்தது.

அடுத்த சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனேன். வேலையில் இருந்தவரை அந்த நாளில் கூட்ட நெரிசலில் விழுந்தவர்களுக்காக ட்யூட்டி விழும். இதுதான் முதல் தடவை. விடியும் நேரம், கரை முழுக்கத் தலைகள், தலைகளுக்கு மேலே சூடச் சொம்புகள். எனக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி பேச்சியம்மாள் நின்றிருந்தாள். அவளுடைய பித்தளைச் சொம்புதான். இடது கையால் சாமிக்குக் காட்டக் கூடாதே. அதனால் சொம்பை வலது கையில் வைத்து, இடது உள்ளங்கையை வலது முழங்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்து மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். காது உயரம் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. முன்னால் நின்றவரின் துண்டு பற்றிக்கொள்ளப் போகிறது என்று யாரோ அதட்டவும் கீழே இறக்கிவிட்டாள். கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டு என்ன உயரம் என்று சொல்ல?

அதற்குச் சில வாரம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. மருத்துவக் குழுவின் பதில். என் கடிதம் பரிசீலிக்கப்பட்டதாம். ஆய்வக விதி கடைப்பிடிக்கப்படாததைக் குழு கவனத்தில் கொண்டதாம். சம்பந்தப்பட்ட பெண்களுக்கு ஒரு வாரம் ஓய்வு அளித்து மறுபரிசோதனை செய்வதில் ஆட்சேபணை இல்லையாம். கீழே பச்சை மையில் கையெழுத்து.

எழுத்தருக்குப் போன் செய்து, திடீரென்று என்ன ஞானோதயம் என்று கேட்டேன். "தரச்சான்றுக் குழு வருது மேடம். நிலுவையில ஒரு கடிதமும் இருக்கப்படாதாம். அம்புட்டுக்கும் பதில் போட்டாச்சு" என்றார். ஆய்வகத்துச் சட்டத்தையும் துடைத்துவிட்டார்களா என்று கேட்டேன். பளபளவென்று இருக்கிறது என்றார்.

போனை வைத்துவிட்டு, கடிதத்தின் வலது மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். முன்தேதி. குழு வருவதற்கு எவ்வளவு முன்னால் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்று மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்; காலண்டரைப் பார்க்கவில்லை. ஊருக்கே உள்ளூர் விடுமுறை விட்டு, அலுவலகம் பூட்டிக் கிடந்த நாள் அது. அழகர் ஆற்றில் இறங்கிய நாள்.